அம்மனிடம் கேட்ட டிவி

இனிமேல் பொழுது சாய்ந்த பிறகு இந்த வீட்டிலிருந்து யாரும் வெளியே போகக் கூடாது என்று ஒரு புதன்கிழமை தீர்மானம் போட்டேன். ஏகமனதாக நிறைவேறியது. ஏனென்றால் அது நிறைவேறிய நேரத்தில் வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். யாரைக் கட்டுப்படுத்த அந்தத் தீர்மானமோ, அவள் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு போயிருந்தாள்.

அவள் என்றால் என் மனைவி சாலம்மாள். நான் சென்னியப்பன். திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக் ஏஜெண்ட் சென்னியப்பன் என்றால் ஒரு காலத்தில் எல்லாருக்கும் தெரியும். போர்வெல் வண்டியோடு ராய்ச்சூர், ராய்ப்பூர் என்று போய் ஊரான் பூமியில் ஓட்டை போட்டே வயசைத் தொலைத்தவன். வருசத்தில் முக்கால்வாசி வண்டியோடுதான். பொங்கலுக்கு வருவேன், மாரியம்மன் நோம்பிக்கு வருவேன். வந்தால் சாலம்மாள் கோழி அடித்துக் குழம்பு வைப்பாள். பக்கத்திலேயே உட்கார்ந்து பரிமாறுவாள். "மறுக்கா எப்பங்க போவீங்க?" என்று கேட்பாள். அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முட்டி தேய்ந்தது. வண்டியில் இருந்த பங்கை விற்றுவிட்டு ஒரேயடியாக வீட்டுக்கு வந்தேன். ஒரு வாரம் கோழிக் குழம்பு. அடுத்த வாரம் ரசம். அதற்கடுத்த வாரம், "அடுப்பு மேல வெச்சுருக்குது, போட்டுத் தின்னுக்கோங்க" என்று வாசலிலிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது.

எங்கே போகிறாள்? கும்மிக்கு. எங்கள் பக்கத்தில் இப்போது வள்ளி கும்மிக் காய்ச்சல். சின்னப் பிள்ளை, கல்யாணமான பிள்ளை, பேரன் எடுத்தவள் எல்லாரும் ஒரே நிறத்தில் சேலை எடுத்துக்கொண்டு வட்டம் கட்டி ஆடுகிறார்கள். எங்கள் ஊரில் செல்லாண்டியம்மன் கோயில் மண்டபத்தில் பயிற்சி. சொல்லிக் கொடுக்கிற வாத்தியார் சனிக்கிழமை மட்டும் வருவார். மற்ற நாளெல்லாம் அவர் ஆடிய வீடியோவைப் போனில் பார்த்துப் பழக வேண்டும்.

"ஒரு போனுக்குள்ள அத்தன பேரும் தலையை உடறோமுங்க. முன்னால நிக்கறவளுக்குக் காலு தெரியுது, பின்னால நிக்கறவளுக்கு அவ கொண்டைதான் தெரியுது" என்று சாலம்மாள் ஒரு நாள் குறைப்பட்டாள்.

"அப்ப உட்டுரு புள்ள. ஊட்டுல இரு" என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தக் குறையை அப்புறம் என்னிடம் சொல்லவே இல்லை. அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

எனக்கு என்ன கஷ்டம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். நான் கம்ப்ரசர் சத்தத்தில் தூங்கிப் பழகியவன். சுற்றிலும் வேலையாட்கள், டீசல் வாசம், நாலு பாஷையில் கூச்சல். இப்போது சுவர்க் கடிகாரம் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது. மகள் மைதிலி பெங்களூரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசுவாள். கடைசியில் போன் என் கைக்கு வரும். "சாப்ட்டீங்களாப்பா?" என்பாள். "ஆச்சு சாமி" என்பேன். அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச்சு வராது. அவள் வளர்ந்த காலத்தில் நான் வீட்டில் இருந்திருந்தால் ஏதாவது வந்திருக்கும்.

பொழுது சாய்ந்தால் எனக்குத் தனியாக இருக்க முடியவில்லை. என் பெண்டாட்டி என் பக்கத்தில் உட்கார வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். ஆனால் ராய்ப்பூரில் கல்லையே உடைத்தவன், பெண்டாட்டியிடம் போய் "கொஞ்சம் உட்காரேன்" என்று எப்படிக் கேட்பது? அதற்குப் பதிலாகத் திட்டம் போட்டேன்.

திட்டம் இதுதான். பழைய டிவி, முதுகு புடைத்த டிவி, செத்து வெகுநாள் ஆகிறது. பெரிய தட்டை டிவியாக ஒன்று வாங்கிக் கூடத்துச் சுவரில் மாட்டுவது. எதிரே இரண்டு பேர் மட்டும் உட்காருகிற சோபா. சீரியல்காரிகள் ஆள் உயரத்தில் நின்று அழுதால் எந்தப் பெண் வீட்டை விட்டுப் போவாள்? சோபா முதலில் வந்தது. சாலம்மாள் அதில் துவைத்த துணிகளை மடித்து வைத்தாள்.

மறுநாள் பேச்சை எடுத்தேன்.

"புள்ள, புது டிவி ஒண்ணு வாங்கலாம்னு இருக்கறேன்."

"வாங்குங்க."

"பெருசா."

"பெருசாவே வாங்குங்க."

"இந்தச் செவுத்துக்கும் அந்தச் செவுத்துக்கும் ஆகறாப்புல."

"செரீங்க."

இவ்வளவு சுலபமாக என் பேச்சு எடுபட்டதே இல்லை. சந்தோசத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பேசிவிட்டேன். "கொரியாக்காரன் டிவிதான் வாங்கப் போறேன்."

மடித்துக்கொண்டிருந்த துண்டை அப்படியே கீழே வைத்தாள். "கொரியா வேண்டாமுங்க. ஜப்பான்காரன்து வாங்குங்க."

"எதுக்கு?"

"ஜப்பான்காரன் சாமான் ஒழைக்குமுங்க."

"உனக்கு ஜப்பான்காரனை எப்புடித் தெரியும்?"

"உங்குளுக்குக் கொரியாக்காரன எப்புடித் தெரியுமோ அப்புடித்தான்."

சரி, விவரத்தோடு வந்து பேசிக்கொள்ளலாம் என்று பஸ் ஏறினேன். திருச்செங்கோட்டுக் கடைகளில் விசாரித்தால் நான் வீடு திரும்புமுன் செய்தி சாலம்மாளுக்குப் போய்விடும். அதனால் சேலத்துக்கே போனேன். அங்கே நசுருல்லா பாயின் கடை. உள்ளே போனால் சுவர் முழுக்க டிவி. எல்லா டிவியிலும் ஒரே கிளி. அத்தனை கிளியும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தன. வீட்டில் இல்லாத கவனிப்பு.

"வாங்கண்ணே, உக்காருங்க" என்றார் பாய். "இது ஓலெட். இதுல கருப்பு கருப்பாவே தெரியும்."

"கருப்பு வேற எப்படிங்க பாய் தெரியும்?"

"மத்ததுல சாம்பலாத் தெரியும்ண்ணே."

"இது எத்தன அடி போகும்?" பழக்க தோசத்தில் கேட்டுவிட்டேன்.

"அடி இல்லண்ணே, இஞ்ச். ஐம்பத்தஞ்சு. மூணு வருசம் கேரண்டி."

கேரண்டி! எங்கள் தொழிலில் அப்படி ஒரு வார்த்தையே கிடையாது. தண்ணீர் வந்தால் அம்மன் கொடுத்தது. வராவிட்டால் உங்கள் பூமி சரியில்லை. இரண்டுக்கும் கூலி ஒன்றுதான்.

பாய் என்னைச் சோபாவில் நடுவில் உட்கார வைத்தார். பிறகு ஓரத்துக்கு நகர்த்தினார். "பாத்தீங்களா? பக்கவாட்டுல உக்காந்து பாத்தாலும் கொரியாவுல கலர் மாறாது. ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல உக்காந்தா ரெண்டு பேருக்கும் ஒரே படம். வீட்ல எத்தனை பேருண்ணே?"

"ரெண்டு பேருங்க" என்றேன். "பொழுது சாஞ்சா ஒருத்தன்."

அவர் சிரிக்கவில்லை. டீ சொன்னார்.

மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். என் சந்தேகங்கள் முதல் நாளே தீர்ந்துவிட்டன. ஆனால் அங்கே ஒருவர் "வாங்கண்ணே" என்றார், பக்கத்தில் உட்கார்ந்தார், நான் சொன்னதையெல்லாம் கேட்டார். ராய்ச்சூரில் ஒரே ராத்திரியில் மூன்று இடத்தில் தண்ணீர் வந்த கதையைச் சொன்னேன். என் வீட்டில் அந்தக் கதையை ஆரம்பித்தாலே சாலம்மாள் எழுந்து போய்விடுவாள். பாய் கடைசி வரைக்கும் கேட்டார். விற்பனைக்காகத்தான் கேட்டார் என்று தெரியும். தெரிந்தாலும் நன்றாகத்தான் இருந்தது.

ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்து அறிக்கை வாசிப்பேன். சாலம்மாள் கொண்டை போட்டுக்கொண்டே கேட்பாள்.

"கொரியாவுல கருப்பு கருப்பாவே தெரியுமாம் புள்ள."

"ஊட்டுல இருக்கற கருப்பு போதாதுங்களா?" என்று என்னை ஏற இறங்கப் பார்ப்பாள்.

"எந்தப் பக்கம் உக்காந்தாலும் கலர் மாறாதாம்."

"கொரியாக்காரன் ரிமோட்டு சிறுசுங்க. தொலைஞ்சு போகும்."

"ஜப்பான்காரன்தும் சிறுசுதான்."

"அது தொலைஞ்சாலும் கெடைக்குமுங்க."

பதில் யோசித்து முடிப்பதற்குள் வாசலில் "அக்கோவ்" என்று சத்தம் கேட்கும். கும்மிக் குழுவின் தலைவி, எதிர்வீட்டு மருமகள் சௌந்தர்யா. "வாரேன் கண்ணு" என்று இவள் போய்விடுவாள். நானும் கடிகாரமும் இருப்போம்.

இப்படியே நாட்கள் போயின. நான் கொரியாவை விடவில்லை. அவள் ஜப்பானை விடவில்லை. அந்த இரண்டு நாட்டுக்காரர்களே இவ்வளவு முறைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். கடைசியில் அவளே வழி சொன்னாள்.

"இப்புடியே பேசீட்டிருந்தா ஆடி வந்துரும். வெள்ளிக்கெழம செல்லாண்டியம்மன்கிட்டப் பூக் கேட்டுரலாமுங்க."

எங்கள் பக்கத்தில் எதற்கும் பூக் கேட்பது உண்டு. வெள்ளை அரளி ஒரு இலையில், செவ்வரளி ஒரு இலையில். இரண்டையும் ஒரே மாதிரிப் பொட்டலமாக மடித்து அம்மன் காலடியில் வைப்பது. மனதில் இருப்பதைக் கேட்பது. பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் அம்மனுக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் கிடையாது. பெண் எடுப்பது, கிணறு வெட்டுவது, ரிக் வாங்குவது எல்லாம் அப்படித்தான். எங்கள் கல்யாணமே பெண் வீட்டார் பூக் கேட்டு, வெள்ளை வந்து முடிந்ததுதான். அம்மனே சேர்த்து வைத்த ஜோடி என்று நான் பீற்றிக்கொள்ளாத லாரி ஆபீஸ் கிடையாது.

"வெள்ளை வந்தாக் கொரியா, செவப்பு வந்தா ஜப்பான்" என்றேன்.

"செரீங்க."

"பூ நான் கட்டியாரேன்."

"கட்டியாங்க" என்றாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அரளிச் செடியிடம் போனேன். வெள்ளையில் ஒரு பூப் பறித்தேன். பிறகு சிவப்புச் செடியைத் தாண்டி மறுபடி வெள்ளையிடமே வந்து இன்னொன்று பறித்தேன். இதை ஏமாற்று என்று சொல்லாதீர்கள். டிவி விசயத்தில் அம்மனுக்கு என்ன தெரியும்? நசுருல்லா பாயிடம் பாடம் படித்தவன் நான். அம்மனுக்குத் தடுமாற்றம் வரக் கூடாதே என்று ஒரு சின்ன ஒத்தாசை. இரண்டு இலையிலும் வெள்ளையை வைத்து மடித்து மடியில் கட்டிக்கொண்டேன். ஒரு பக்கம் பயம். ஒரு பக்கம் சோபாவில் சாலம்மாள் உட்கார்ந்திருப்பது போலத் தெரிந்தது.

கோயிலில் கும்மிக் கூட்டமே வந்து நின்றிருந்தது. டிவிக்குப் பூக் கேட்கிற செய்தி ஊருக்கே தெரிந்திருக்கிறது. பூசாரி தங்கமுத்து பொட்டலங்களை வாங்கி அம்மன் காலடியில் வைத்தார். நான் கையைக் கூப்பி, தொண்டையைச் செருமினேன்.

"அண்ணா, பூ ஆரு கட்டுனது?" என்றார் பூசாரி.

"நாந்தாங்க."

"அப்ப நீங்க கேக்கப்படாதுங்க. கட்டுனவிங்க கேக்கப்படாது. அதான மொறை."

"நான் கேக்கறேனுங்க" என்று சாலம்மாள் முன்னால் வந்தாள். முறை அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

கண்ணை மூடிக்கொண்டாள். ஊருக்கே கேட்கிற குரலில் வேண்டினாள். "ஆத்தா செல்லாண்டி! டிவி கொரியாவோ ஜப்பானோ, இவரு பிரியப்பட்டதே இருக்கட்டும். அதுல எனக்கு ஒண்ணுமில்ல. வெள்ளை வந்தா அந்த டிவி உன்ற மண்டபத்துக்கே வந்துரோணும். இத்தன புள்ளைங்களும் பாத்து ஆடறதுக்கு ஆகும். செவப்பு வந்தா எங்க ஊட்டுலயே இருக்கட்டும். நீயே சொல்லாயா!"

எனக்குக் கண் இருட்டியது. அந்த இருட்டு, பாய் சொன்னபடி, சுத்தக் கருப்பு.

"இருங்க, இருங்க" என்று கத்தினேன். "பொட்டலம் செரியாக் கட்டல. மறுக்காக் கட்டியாரேன்."

"ஆத்தா பாதத்துல வெச்சத எடுக்கப்படாதுங்ணா" என்றார் பூசாரி. "பொட்டலத்துல என்ன கொறை?"

என்ன குறை என்று நான் எப்படிச் சொல்வேன்? இரண்டிலும் வெள்ளை இருக்கிறது என்றா? அம்மன் சன்னிதியில், அத்தனை பெண்கள் நடுவில்? பூசாரி இடதுபக்கப் பொட்டலத்தை எடுக்கப் போனார், பிறகு வலதுபக்கம் கை போனது. அவர் ஏன் யோசிக்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. எதை எடுத்தால் என்ன?

"வெள்ளை!" என்றார். பெண்கள் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சௌந்தர்யா என் காலில் விழுந்து, "நீங்க நல்லாருக்கோணும் மாமா" என்றாள்.

"அந்த இன்னொண்ணையும் பிரிச்சுக் காமிச்சுரலாமுங்களா?" என்று பூசாரி கையை நீட்டினார். என் உயிர் என்னிடம் இல்லை.

"வேண்டாமுங்க பூசாரி. ஆத்தா வாக்கைச் சோதிக்கப்படாது" என்று சாலம்மாள் அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஆக, போட்டியில் ஜெயித்தது நான்தான். ஐம்பத்தைந்து இஞ்ச் கொரியா வந்தது. மாட்ட வந்த பாயின் ஆட்கள், "வீட்டுல மாட்டலையாண்ணே?" என்று கேட்டார்கள். "அம்மன் வாக்கு" என்றேன். மண்டபச் சுவரில் மாட்டினார்கள். முதல் நாள் சாயங்காலம் நானும் போய் ஓரமாக ஒரு தூணோரம் நின்றேன். பாய் சொன்னது பொய்யில்லை. தூணோரத்திலிருந்தும் கலர் மாறவில்லை.

வாத்தியார் வீடியோ முடிந்ததும், போன வாரம் இவர்களே ஆடியதைப் போட்டார்கள். திரையில் சாலம்மாள் வந்தாள். ஆள் உயரத்துக்கு. பச்சைச் சேலை, நெற்றியில் வியர்வை. ஒரு அடி தப்பாக வைத்துவிட்டுப் பக்கத்திலிருப்பவளைப் பார்த்து வாய் நிறையச் சிரிக்கிறாள். கல்யாணம் ஆகி இத்தனை வருசத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எங்கே பார்த்திருக்கப் போகிறேன்? அங்கே நிற்கக் கூச்சமாக இருந்தது, வந்துவிட்டேன்.

டிவி வந்த அட்டைப்பெட்டி மட்டும் வீட்டுக்கு வந்தது. சேலை அடுக்க ஆகும் என்று சாலம்மாள் எடுத்து வந்தாள். கூடத்தில், டிவி மாட்ட நான் குறித்து வைத்த சுவரோரம், அதை நிறுத்தியிருந்தாள். அதன் மேல் அதே கிளிப் படம். நான் சோபாவில் உட்கார்ந்து கிளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் சாயங்காலம், கும்மிக்குக் கிளம்பிய சாலம்மாள் என் முன்னால் வந்து நின்று முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். வாடிய இலைப் பொட்டலம். பிரித்துக் காட்டினாள். வெள்ளை.

"உனக்கு எப்புடித் தெரியும் புள்ள?"

"நீங்க நானே கட்டியாரேன்னு சொன்னப்பவே தெரியுமுங்க. அதுக்குத்தான ஜப்பான் ஜப்பான்னு இத்தன நாளு கத்துனேன். எனக்கு ஜப்பானும் ஒண்ணுதான், கொரியாவும் ஒண்ணுதான்."

"அது செரி. ரெண்டுலயும் வெள்ளைய வெப்பேன்னு எப்புடித் தெரியும்?"

அவள் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள். முதல் தடவையாக. "நம்ம கல்யாணத்துக்கு எங்கப்பன் பூக் கேட்டாருங்களே, அன்னிக்குப் பொட்டலம் மடிச்சது ஆருன்னு நெனைச்சீங்க?"

அவள் கையிலிருந்த வாடிய பூவையே பார்த்தேன்.

"நீங்க எங்க காட்டுல போர் போட வந்தீங்க. ஒடம்பெல்லாம் கல்லு மாவு. கண்ணு மட்டும் தெரிஞ்சுது. தண்ணி வந்ததும் நீங்க குதிச்ச குதிய நான் கடலைக்காட்டுல நின்னு பாத்தேன். அப்புறம் செவப்பு வந்துட்டா என்னங்க பண்றது? ரெண்டுலயும் வெள்ளைய வெச்சுட்டேன்."

"அப்ப நம்ம கல்யாணம் ஆத்தா குடுத்த வாக்கு இல்லயா?"

"நான் குடுத்த வாக்குங்க" என்றாள். பூவைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். "நீங்க வண்டியோட போனதுக்கப்புறம் பொழுதோட இப்புடியேதான் தனியா உக்காந்திருப்பேன். ஒண்ணுலயாச்சும் செவப்ப வெச்சிருந்தா, வேண்டாம் கண்ணுன்னு ஆத்தா ஒரு வார்த்த சொல்லியிருப்பாளோன்னு நெனச்சுக்குவேன். அப்புறம் எந்திரிச்சுப் போயி சோறாக்குவேன்."

வாசலில் "அக்கோவ்" என்று சத்தம். எழுந்தாள்.

கல்லை உடைத்தவன் கடைசியில் வாயைத் திறந்தேன். "புள்ள, இன்னிக்கு ஒரு நாளு போகாம இங்கயே உக்காரேன்."

செருப்பை மாட்டியபடி திரும்பிப் பார்த்தாள். நேற்று டிவியில் பார்த்த அதே சிரிப்பு.

"அதுக்கென்னங்க, ஆத்தாகிட்டப் பூக் கேட்டுரலாம். பொட்டலம் நான் கட்டியாரேன்."